மாதவிடாய் செயலி: முதல் மூன்று மாதம் எதைக் குறிப்பது, எதை நம்புவது

மாதவிடாய் செயலி எதைத் திறந்தாலும் ஒரு காலண்டர் வரும். சில நாட்கள் அடர்சிவப்பில் இருக்கும். நடுவில் ஒரு வாரம், கருவுறும் நாட்கள் என்று பச்சையோ நீலமோ பூசியிருக்கும். அடுத்த மாதத்தில் சில நாட்கள் வெளிர்சிவப்பாகத் தெரியும். பார்ப்பதற்கு எல்லா நிறமும் ஒரே அளவு உறுதியானதுபோல இருக்கும். ஆனால் உண்மையில் நடந்தது நீங்கள் கையால் குறித்த அந்த அடர்சிவப்பு நாட்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் செயலி கணக்குப் போட்டுச் சொல்லும் யூகம்.

இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் செயலி உங்களுக்கு நல்ல துணை. இல்லாவிட்டால், கர்ப்பம் வேண்டும் என்பவர் சரியான நாளைத் தவறவிடுவார், வேண்டாம் என்பவர் தவறான நாளை நம்பிவிடுவார். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள்.

முதலில், எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள்

ரத்தப்போக்கு சரியாகத் தொடங்கும் நாள்தான் முதல் நாள். அதற்கு முன் ஓரிரு நாள் பழுப்பு நிறத்தில் லேசான கறை மட்டும் பட்டால் அதைச் சேர்க்க வேண்டாம். செயலியில் அதற்குத் தனிக் குறி இருக்கும், அங்கே போடுங்கள். நாப்கின் வைத்தே ஆக வேண்டும் என்ற அளவுக்குச் சிவப்பாக வரும் நாளே தொடக்கம்.

ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாளுக்கு முந்தைய நாள்வரை ஒரு சுழற்சி. மார்ச் 3 தொடங்கி, அடுத்தது மார்ச் 31 வந்தால் அது 28 நாள் சுழற்சி. ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி எண்ணினால் நான்கைந்து நாள் குறைந்துவிடும், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிசகும்.

28 என்ற எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 28 நாள் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பயப்படும் பெண்கள் நிறைய. ஒரு செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் சராசரி 29.3 நாள். சரியாக 28 நாளில் முடிந்தவை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். வயதுவந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள்வரை இயல்பு என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள்வரை போகலாம். மாதத்துக்கு மாதம் சில நாள் முன்பின் ஆவதும் இயல்பே. ஆகவே செயலி "உங்கள் சராசரிச் சுழற்சி எத்தனை நாள்?" என்று கேட்கும்போது தெரியாமல் 28 என்று போட்டுவிடாதீர்கள். "தெரியவில்லை" என்ற வாய்ப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் போடும் பொய்யான 28-ஐ வைத்தே அடுத்த இரண்டு மூன்று மாதம் அது கணக்குப் போடும்.

செயலியைத் தேர்ந்தெடுப்பது

நிறம், படம், ஸ்டோரில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, நீங்கள் எழுதுவது எங்கே போய்ச் சேருகிறது என்பது. எப்போது உதிரப்போக்கு, எப்போது உறவு, எந்த மாதம் தள்ளிப்போனது, எந்த மாத்திரை எடுத்தீர்கள் என்பதெல்லாம் நெருங்கிய தோழியிடம்கூடச் சொல்லத் தயங்கும் செய்திகள்.

இந்தப் பயம் கற்பனை இல்லை. ஃப்ளோ என்ற மிகப் பிரபலமான செயலி, தகவலை ரகசியமாக வைப்பதாகச் சொல்லிவிட்டு ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அனுப்பியது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2021 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. 2023 மே மாதம் பிரீமாம் என்ற கருவுறுதல் செயலிமீதும் அதே கமிஷன் நடவடிக்கை எடுத்தது. இடையில் 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகு, இந்தத் தகவல் வழக்குகளில் சாட்சியாகக்கூட மாறலாம் என்ற அச்சம் பரவியது. அதே ஆண்டு மொசில்லா அறக்கட்டளை 25 கருவள, கர்ப்பகாலச் செயலிகளையும் கருவிகளையும் பரிசோதித்து, அவற்றில் 18-க்குத் தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது.

அதனால் நிறுவுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். கணக்குத் தொடங்காமல் பயன்படுத்த முடிகிறதா? பதிவுகள் உங்கள் போனிலேயே இருக்கின்றனவா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றனவா? செயலிக்குத் தனியாக ரகசிய எண் (பின்) பூட்டு போடலாமா? பதிவுகளை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? கணக்கை முழுமையாக அழிக்க வழி இருக்கிறதா? இவற்றுக்கான பதில் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருக்கும். அங்கே தெளிவாக எழுதப்படாத இடத்தில் மோசமான பதிலையே எடுத்துக்கொள்வது நல்லது. ட்ரிப், யூக்கி போன்றவை பதிவுகளைப் போனுக்குள்ளேயே வைக்கும்படி உருவாக்கப்பட்டவை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2019 முதல் ஹெல்த் செயலிக்குள்ளேயே மாதவிடாய்ப் பதிவு இருக்கிறது.

நிறுவியதும் செய்ய வேண்டியவை சில உண்டு. இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மாதவிடாயைக் குறிக்க இவை இரண்டும் தேவையே இல்லை. சொந்தப் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு புனைபெயர் போதும். விளம்பரக் கண்காணிப்பை போன் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். அறிவிப்புகளின் வாசகத்தை மாற்றுங்கள். "கருவுறும் நாட்கள் தொடங்குகின்றன" என்று பூட்டிய திரையில் எல்லாரும் பார்க்க மின்னுவதற்குப் பதில், "நினைவூட்டல்" என்று மட்டும் வரும்படி பல செயலிகளில் வைக்க முடியும். வீட்டில் ஒரே போனைப் பலர் பயன்படுத்தினால் பின் பூட்டு கட்டாயம்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. போனிலிருந்து செயலியை நீக்கினாலும் சர்வரில் உள்ள பதிவு அப்படியே இருக்கும். முதலில் உள்ளே போய்க் கணக்கை அழிக்கும்படி கேளுங்கள், பிறகு நீக்குங்கள்.

செயலியே வேண்டாம், ஒரு சிறிய டைரி போதும் என்று தோன்றினால் அதுவும் சரியான முடிவுதான். இனி சொல்லப்போகும் பெரும்பாலானவை டைரிக்கும் பொருந்தும்.

எதையெல்லாம் குறிப்பது

திறந்தவுடன் நாற்பது ஐம்பது படக்குறிகள் வரிசையாக நிற்கும். மனநிலை, தோல், முடி, பசி, தூக்கம், செரிமானம் என்று எல்லாவற்றையும் கேட்கும். அத்தனையையும் நிரப்ப ஆரம்பித்தால் இரண்டாவது வாரமே அலுத்துப்போகும். முதல் மாதம் மூன்றே மூன்று போதும்: தொடங்கிய நாள், நின்ற நாள், ஒவ்வொரு நாளும் எவ்வளவு போனது.

அளவைக் குறிக்கும்போது "அதிகம்", "குறைவு" என்று மட்டும் போட்டால் பின்னால் பயன்படாது. ஒருவருக்கு அதிகமாகத் தெரிவது இன்னொருவருக்குச் சாதாரணமாகத் தெரியும். எண்ணிக்கையாக எழுதுங்கள். எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், அவை முழுதாக நனைந்தனவா, இரவில் மாற்றுவதற்காக எழுந்தீர்களா, கட்டி கட்டியாகப் போனதா என்று குறியுங்கள். மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் எளிது, பல கப்புகளில் மில்லிலிட்டர் கோடுகளே இருக்கும். ஒரு மாதவிடாயில் மொத்தமாக 80 மில்லிக்கு மேல் போவதைத்தான் மருத்துவத்தில் நெடுங்காலமாக அதிக உதிரப்போக்கு என்று கணக்கிட்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது மாதம் வலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதிலும் எண் மட்டும் போதாது. மாத்திரை போட்டீர்களா, போட்டும் அடங்கவில்லையா, அன்றைய வேலையைச் செய்ய முடிந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். என் தங்கைக்குப் பல ஆண்டுகளாகக் கடுமையான வலி. போகும் இடத்திலெல்லாம் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்றே பதில் வந்தது. ஏழு மாதம் விடாமல், "முதல் நாள், இரண்டு மாத்திரை, எழுந்திருக்க முடியவில்லை, விடுப்பு" என்று குறித்து அந்தப் பக்கத்தை நீட்டியபோதுதான் ஒரு மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார், பரிசோதனைக்கும் அனுப்பினார். கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் கருவுறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவதற்கு, வலியை இயல்பு என்று ஒதுக்கிவிடுவது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது மாதம் முதல், சுழற்சியை நகர்த்தக்கூடிய விஷயங்களை மட்டும் குறியுங்கள்: காய்ச்சல், நீண்ட பயணம், இரவுப் பணி, புதிய மருந்து, திடீர் எடைக் குறைவு, பெரிய மன உளைச்சல், அவசரக் கருத்தடை மாத்திரை. பின்னால் ஒரு மாதம் 37 நாளுக்கு நீண்டிருக்கும்போது, ஏன் என்று திரும்பிப் பார்க்க இதுதான் உதவும்.

குறிப்பதை ஏதாவது ஓர் அன்றாடப் பழக்கத்தோடு கட்டிப்போடுங்கள். இரவு பல் துலக்கியதும் ஒரு நிமிடம், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் வலியும் அளவும் மங்கிவிடும். ஒரு மாதவிடாயையே குறிக்க மறந்துவிட்டால் செயலி அதை அறுபது நாள் சுழற்சி என்று எடுத்துக்கொண்டு சராசரியையே கெடுத்துவிடும். தேதி ஞாபகம் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சுழற்சியைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக் குறிப்பது தனக்கு மட்டும் பயன்படும் வேலை என்று நினைக்க வேண்டாம். கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு மாதவிடாய் மாறியது என்று 2021-ல் பல பெண்கள் சொன்னபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஒரு செயலியில் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஏற்கெனவே குறித்து வைத்திருந்த சுழற்சிகளை ஆராய்ந்து 2022 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டது உண்மைதான் என்று தெரிந்தது. பெண்கள் சொன்னது சரி, மாற்றம் சிறியது என்ற இரண்டுமே அந்தப் பதிவுகளால்தான் நிரூபணமாயின.

பச்சை நாட்கள் எப்படி வருகின்றன

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். செயலியைப் பற்றிய பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு சுழற்சிக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் சினைப்பையில் ஒரு முட்டை முதிர்கிறது. அது வெளிவந்த பிறகு இரண்டாம் பாதி தொடங்குகிறது. கரு தங்காவிட்டால் அந்தப் பாதியின் முடிவில் உதிரப்போக்கு வருகிறது. இரண்டாம் பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாள், அதிகம் மாறாது. முதல் பாதிதான் இழுக்கும், சுருங்கும். உடம்புக்குச் சரியில்லை, தூக்கமில்லை, மனசு சரியில்லை என்றால் முட்டை முதிர்வது தாமதமாகும்.

இதிலிருந்து ஒன்று புரியும். "பீரியட்ஸ் தள்ளிப்போச்சு" என்று நாம் சொல்லும்போது தாமதம் அப்போது நடக்கவில்லை. அது இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே, முட்டை வெளிவரும் கட்டத்திலேயே நடந்துவிட்டது. நமக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் க்னாஸும் 1920-களில் கண்டு சொன்னது, முட்டை வெளிவருவதை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பது. தேதியை மட்டும் வைத்துக் கணிக்கும் செயலிகள் இன்றும் செய்வது ஏறத்தாழ அதே கணக்குதான். சிக்கல் எங்கே என்றால், அடுத்த மாதவிடாய் இன்னும் வரவில்லை. அது வரும் நாளையும் செயலி யூகிக்கிறது, அந்த யூகத்திலிருந்து பின்னோக்கி இன்னொரு யூகம் செய்கிறது.

ஓர் உதாரணம். உங்கள் கடைசி மூன்று சுழற்சிகள் 26, 31, 28 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 28-க்குச் சற்று மேல். செயலி 14-ஆம் நாளைக் காட்டும். 14 நாள் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் உண்மையில் முட்டை வெளிவந்தது 12, 17, 14-ஆம் நாட்களில். மூன்றில் ஒரு மாதம்தான் செயலி சொன்ன நாளும் நடந்த நாளும் ஒன்று. வெளிவந்த முட்டை உயிரோடு இருப்பதோ 12 முதல் 24 மணி நேரம்.

ஆனாலும் கருத்தரிக்க ஒரே ஒரு நாள்தான் என்று பதற வேண்டாம். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும் சேர்ந்து ஆறு நாள் கருவுறும் காலம். இதை 1995-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உறுதிப்படுத்தியது. அதே ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை நம் விஷயத்துக்கு இன்னும் முக்கியமானது. கருவுறும் காலம் முழுவதும் 10 முதல் 17-ஆம் நாளுக்குள் அடங்கியது ஏறத்தாழ 30 சதவீதப் பெண்களுக்குத்தான்.

சரி, யூகத்தை எப்படிக் கூர்மையாக்குவது? உடம்பே மூன்று அடையாளங்கள் காட்டும்.

வெள்ளைப்படுதல் முதல் அடையாளம். முட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது கர்ப்பப்பை வாயிலிருந்து வரும் திரவம் தெளிவாக, வழுவழுப்பாக, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல விரலிடையில் நீளும்படி இருக்கும். நாள் கடந்ததும் கெட்டியாகும் அல்லது வறண்டுவிடும். செலவே இல்லாத அடையாளம் இது. ஓரிரு மாதம் கவனித்தால் கை பழகிவிடும். அரிப்பு, துர்நாற்றம், பச்சை மஞ்சள் நிறம் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எல்ஹெச் பட்டை இரண்டாவது. எல்ஹெச் என்பது முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் கூடும் ஹார்மோன். சிறுநீரில் தோய்த்துப் பார்ப்பது. சோதனைக் கோடு, பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அடர்த்தியாக வந்தால் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவர வாய்ப்பு அதிகம். பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு எல்ஹெச் எப்போதுமே கூடுதலாக இருக்கலாம் என்பதால் பட்டை திரும்பத் திரும்பத் தவறான நம்பிக்கை தரும்.

மூன்றாவது, காலை உடல் வெப்பம். கண் விழித்ததும், எழுந்து நடமாடுவதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில், இரண்டு தசம இடம் காட்டும் தெர்மாமீட்டரால் பார்க்க வேண்டும். முட்டை வெளிவந்த பிறகு வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்து, மாதவிடாய்வரை அப்படியே நிற்கும். முந்தைய ஆறு நாளைவிடத் தொடர்ந்து மூன்று நாள் உயர்ந்திருந்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சல், மது, தூக்கக் குறைவு எல்லாம் இந்த எண்ணைக் குலைத்துவிடும்.

முதல் இரண்டும் முன்கூட்டியே சொல்பவை, மூன்றாவது நடந்த பிறகு உறுதி செய்வது. வெப்பத்தை மட்டும் பார்த்து, "இன்று ஏறியிருக்கிறது, இன்றுதான் நாள்" என்று நினைத்தால் பெரும்பாலும் நாள் கடந்திருக்கும். உங்கள் செயலி இவற்றில் எதைக் கணக்கில் எடுக்கிறது என்று உதவிப் பக்கத்தில் பாருங்கள். தேதியை மட்டும் எடுக்கிறது என்றால் பச்சை நாட்களை ஓர் உத்தேசமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை வேண்டும் என்றால்

செயலி காட்டும் ஒரே நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். முட்டை வெளிவருவதற்கு முந்தைய இரண்டு நாட்களும் அந்த நாளும்தான் வாய்ப்பு அதிகமுள்ளவை. மாதவிடாய் நின்ற பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு இருந்தாலே எந்தக் கணக்கும் இல்லாமல் அந்தக் காலம் உள்ளே அடங்கிவிடும். கட்டளை போல வரும் அறிவிப்புகள் உங்கள் இருவரையும் வாட்டினால், அவற்றை அணைத்துவிட்டு இந்த எளிய வழியில் போவதே மேல்.

ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே எடுக்கச் சொல்வார்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் என்று தெரியும் முன்பே அது முடிந்துவிடும். வலிப்பு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பிறந்தவர்கள் ஆகியோருக்கு அளவு வேறாக இருக்கலாம். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

35 வயதுக்குக் கீழ் என்றால் ஓர் ஆண்டு, 35-ம் அதற்கு மேலும் என்றால் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சுழற்சியே ஒழுங்கில்லை என்றால் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. முதல் சந்திப்பிலேயே ஆணுக்கும் விந்துப் பரிசோதனை கேளுங்கள். குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. செயலி பெண்ணின் போனில் இருப்பதால் பொறுப்பும் பெண்ணுடையதே என்று ஓர் எண்ணம் தானாகப் படிந்துவிடுகிறது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பம் உறுதியானதும் செயலி ஒரு பிரசவத் தேதி சொல்லும். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள் கூட்டிய கணக்கு அது. முட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் வேறு தேதி சொல்லும். ஸ்கேன் தேதியை நம்புங்கள்.

கரு கலைந்துவிட்டால், யாராவது ஒருவர் உங்களுக்காகச் செயலியைத் திறந்து கர்ப்பகாலப் பகுதியை அணைத்துத் தரட்டும். "இந்த வாரம் உங்கள் குழந்தை" என்று தொடங்கும் அறிவிப்புகள் அதுவாக நிற்பதில்லை. அந்த நேரத்தில் அதைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது வேண்டாம் என்றால்

தேதியை மட்டும் வைத்துக் கணிக்கும் செயலியைக் கருத்தடையாக நம்பாதீர்கள். பச்சை இல்லாத நாட்கள் எல்லாம் பாதுகாப்பான நாட்கள் என்று அர்த்தம் இல்லை.

கருத்தடைக்கென்றே அனுமதி பெற்ற செயலிகள் ஒரு சில உண்டு. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முதலாக நேச்சுரல் சைக்கிள்ஸ் என்ற ஸ்வீடன் செயலிக்கு அனுமதி தந்தது. அது தினசரி உடல் வெப்பத்தை வைத்துக் கணக்கிடுகிறது. வழக்கமான பயன்பாட்டில் 93 சதவீதம் பலன் என்பது அதன் கணக்கு. அதாவது, ஓர் ஆண்டு பயன்படுத்தும் 100 பெண்களில் ஏறத்தாழ 7 பேர் கர்ப்பமாகலாம். அதே ஆண்டின் தொடக்கத்தில், ஸ்வீடன் மருத்துவமனை ஒன்றுக்குச் சில மாதங்களில் கருக்கலைப்புக்கு வந்த 668 பெண்களில் 37 பேர் இந்தச் செயலியைப் பயன்படுத்தியவர்கள் என்ற செய்தி வந்தது. அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விசாரித்து, நிறுவனம் முன்பே சொல்லியிருந்த தோல்வி விகிதத்துக்கு உட்பட்டே கர்ப்பங்கள் நடந்திருக்கின்றன என்று முடித்தது. "மிகத் துல்லியமானது" என்று சொன்ன அதன் விளம்பரத்தைப் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதே ஆண்டு தடுத்தது.

100-க்கு 7 என்பது உங்கள் வாழ்க்கையில் தாங்கக்கூடிய எண்ணா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது கர்ப்பம் கூடவே கூடாது என்ற நிலையில் இருந்தால் காப்பர் டி போன்ற, தினமும் நினைவில் வைக்கத் தேவையில்லாத முறைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எந்தச் செயலியும் பால்வினைத் தொற்றைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

செயலியின் கணக்கு எடுபடாத காலங்கள்

கருத்தடை மாத்திரை எடுக்கும்போது வரும் ரத்தம் மாத்திரையை நிறுத்திய இடைவெளியில் வருவது. அங்கே முட்டை வெளிவரும் நாள் என்று செயலி காட்டினால் அதற்குப் பொருளே இல்லை, அமைப்புகளில் மாத்திரை எடுப்பதாகக் குறித்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெளிவரலாம். "இன்னும் பீரியட்ஸே வரவில்லையே" என்று இருந்துவிட்டு அடுத்த கர்ப்பம் தரித்தவர்கள் நிறையப் பேர். பூப்பெய்திய முதல் ஆண்டுகளிலும், மாதவிடாய் முற்றும் வயதை நெருங்கும்போதும், பிசிஓஎஸ், தைராய்டு பிரச்சினை இருக்கும்போதும் சுழற்சி ஒரே சீராக இருக்காது. இந்தக் காலங்களில் எல்லாம் தொடர்ந்து குறியுங்கள், கணிப்பை மட்டும் பார்க்காதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது, என்ன கொண்டுபோவது

மூன்று மாதமாக வரவில்லை என்றால் போங்கள் (உறவு இருந்திருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை). 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலும், 35 நாளைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டாலும் போங்கள். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிய ரத்தக் கட்டிகள் போவது, இரண்டு மாதவிடாய்க்கு இடையிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் வருவது, மாத்திரைக்கும் அடங்காத வலி ஆகியவற்றையும் தள்ளிப்போட வேண்டாம். 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வராத பெண்ணையும் காட்ட வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் உடனே பார்க்க வேண்டும்.

சிலவற்றுக்கு அன்றே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது சில மணி நேரம் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையான வலி, மயக்கம் வந்தால் கரு கர்ப்பப்பைக்குப் பதில் கருக்குழாயில் தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து.

மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மனம் பாதாளத்துக்குப் போய், ரத்தம் தொடங்கியதும் தெளிகிறது என்றால் அதையும் தேதியோடு குறியுங்கள். பிஎம்டிடி என்ற பாதிப்பை உறுதி செய்ய இரண்டு சுழற்சிகளுக்காவது தினசரிக் குறிப்பு மருத்துவருக்குத் தேவைப்படும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இரண்டு சுழற்சி முடியக் காத்திருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லி உதவி தேடுங்கள்.

போகும்போது செயலியைத் திறந்து போனை நீட்டுவதைவிட, ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், உங்கள் திரையில் மாதம் மாதமாகத் தள்ளிப் பார்க்க நேரம் இருக்காது. போனைக் கொடுத்தால் நீங்கள் காட்ட விரும்பாததும் தெரியும். கடைசி ஆறு சுழற்சிகளின் நீளம், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் ரத்தம், அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின், வலி எந்த நாட்களில், என்ன மாத்திரை, என்ன தடைபட்டது என்று எழுதுங்கள். செயலி கணித்த பச்சை நாட்களை இதில் எழுத வேண்டாம். வெப்பம், எல்ஹெச் பார்த்திருந்தால் அந்த எண்களைத் தரலாம். எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கீழே எழுதுங்கள். தாளின் தலைப்பில், கொஞ்சம் பெரிய எழுத்தில், கடைசி மாதவிடாயின் முதல் நாளைப் போடுங்கள். உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.